பின்சீட்டுச் சத்தம்

கடலூர் முதுநகரில் ஆரோக்கியராஜ் என்ற பெயரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இவனைச் சொல்லவேண்டுமென்றால் 'சத்தம் ஆரோக்கியராஜ்' என்று சொல்லவேண்டும். ஆள் சத்தம் போடுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். வண்டியில் வருகிற சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் அவன் கில்லாடி, அதனால் வந்த பேர்.

வண்டிக்காரர்கள் சத்தத்தை வர்ணிக்கிற அழகு இருக்கிறதே, அதைக் கேட்க ஒரு தனிப் பொறுமை வேண்டும். "ஒரு மாதிரியா வருதுப்பா" என்பார் ஒருத்தர். "என் மாமியா பல்லக் கடிக்கிற மாதிரி" என்பார் இன்னொருத்தர். "முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால், "எல்லாப் பக்கமும்" என்று பதில் வரும். மற்ற மெக்கானிக்குகள் இதைக் கேட்டதும் ஸ்பேனரை எடுத்து நாலு சாமானைக் கழற்றி மாற்றிவிட்டு, சத்தம் போகவில்லையென்றால் ரோடு சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஆரோக்கியராஜ் ஸ்பேனரைத் தொடமாட்டான். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்" என்பான்.

அந்த ரவுண்டுக்குச் சட்டதிட்டம் உண்டு. ரேடியோ நிற்க வேண்டும். கண்ணாடியில் தொங்குவது ஜெபமாலையானாலும் பிள்ளையாரானாலும் கழற்றி வைக்க வேண்டும். சில்லறைக் காசு, தண்ணீர் பாட்டில், ஜாக்கி எல்லாம் கீழே இறங்கிவிடும். வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது. அறுபதில் போகும்போது நியூட்ரலில் விட்டு உருட்டுவான். சத்தம் செத்துவிட்டால் இன்ஜின் பக்கம், கூடவே வந்தால் சக்கரத்துப் பக்கம். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரம், உட்காரும் சீட்டு நடுங்கினால் பின்சக்கரம். இப்படிக் கையாலும் முதுகாலும் காதாலும் பார்த்துவிட்டு, ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவான். அந்த இடம் தப்பினதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரனுக்கு முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மீசையில் நரை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டிருந்தவனிடம், ஒருநாள் ஜெயராணி டீச்சர் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வெயிலு ஏறுனப்புறம்தாங்க வருது. காலைல வராது. ஸ்பீட கொறைக்கும்போது மட்டும், பின்சக்கரத்துல, சல்லடையில கோதும சலிக்கிற மாதிரி."

ஆரோக்கியராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு சரியாக ஒரு சத்தத்தைச் சொன்னவர் எவருமில்லை. ரவுண்டுகூடப் போகாமல் பிரேக்கைக் கழற்றித் தூசியைத் தட்டிக் கொடுத்தனுப்பினான். அவள் போன பிறகு ஒரு மணி நேரம் கையில் வேலை ஓடவில்லை. அழகைப் பார்த்து மயங்குகிறவன் உண்டு, பாட்டைக் கேட்டு மயங்குகிறவன் உண்டு. இவன் பின்சக்கரத்துச் சத்தத்தை ஒழுங்காகச் சொன்னதற்கு மயங்கினான். என்ன செய்வது, அவனவன் விதி.

இரண்டு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, 2007-இல் பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியாரிடம் கூச்சத்தோடு சொன்னான். உபதேசியார் போய்ப் பெண் கேட்டார். ஜெயராணிக்கு அப்பா இல்லை. அம்மா சவரியம்மாளும் அண்ணன் செம்பியனும்தான். அவளுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்ததால் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். பெண்ணிடமும் கேட்டார்களாம். "உங்க இஷ்டம்" என்றாளாம். பெண் 'உங்க இஷ்டம்' என்றால் 'சரி' என்று பொருள் என்று நம்மூரில் ஒரு அகராதி வைத்திருக்கிறோம். அதைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும்.

நிச்சயதார்த்தம் முடிந்தது. கத்தோலிக்கர்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லவும் என்று. முதல் ஓலை வாசித்தபோது ஆரோக்கியராஜ் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது ஓலைக்குத் தைரியம் வந்து, பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஜெயராணி பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். அதையும் வெட்கம் என்றுதான் எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது ஓலைக்கு இரண்டு நாள் இருந்தபோது, வெள்ளிக்கிழமை காலையில், செம்பியன் தன்னுடைய பழைய டீசல் காரோடு பட்டறைக்கு வந்தான்.

"மாப்ள, கல்யாணத்துக்கு இந்த வண்டியிலதான் உங்கள கோயிலுக்கு இட்டாரணும். பின்னாடி டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். மானம் போவுது."

ஆரோக்கியராஜ் ஒரு ரவுண்டு போய் வந்தான். சத்தம் இல்லை.

"நான் மட்டும் போனா வராது மாப்ள. அம்மாவும் ஜெயராணியும் பின்னாடி உக்காந்தாதான் வரும்."

"அப்ப பாரம் ஏறுனாதான் வருது. அவுங்களயும் ஏத்திக்கினு போனாதான் தெரியும் மச்சான்."

சிதம்பரத்தில் சவரியம்மாளின் தங்கை வீட்டுக்கு அன்றைக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டியிருந்தது. டீசலுக்கு டீசலும் மிச்சம், வேலைக்கு வேலையும் ஆச்சு என்று நாலு பேரும் கிளம்பினார்கள். செம்பியன் ஓட்ட, அம்மாவும் பெண்ணும் பின்சீட்டில். ஆரோக்கியராஜ் பின்கதவைத் தூக்கி ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் பட்டறையில் இறக்கி வைத்துவிட்டு, டிக்கிக்குள் ஏறிக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டான். பின்பக்கச் சத்தம் என்றால் அவன் வழக்கம் அதுதான். ஒல்லி உடம்பு, சுருண்டால் அடங்கிவிடும்.

"ஐய, மாப்ளைய யாராச்சும் டிக்கியில போட்டு இட்டும் போவாங்களா?" என்று சவரியம்மாள் பதறினாள்.

"அதெல்லாம் பழக்கம்தான் அத்த. நீங்க ரெண்டு பேரும் சாஞ்சி உக்காருங்க. நான் மூணு தட்டு தட்டுனா நிறுத்தச் சொல்லுங்க. மச்சான், ஆலப்பாக்கம் தாண்டி ரோடு நல்லா இருக்கும். அங்க அறுவதுல போயி நியூட்ரல்ல விடுங்க." என்றவன், கடைசியாக, "டீச்சர், உங்களுக்கு எடைஞ்சலா இல்லியே?" என்று கேட்டான். நிச்சயம் ஆன பிறகும் அவனுக்கு டீச்சர் என்றுதான் வாயில் வந்தது. அவள் இல்லை என்று தலையசைத்தாள். கதவு மூடியது.

டிக்கிக்குள் இருட்டு, புழுக்கம், டீசல் வாடை. அவனுக்கு அது பிடித்தமான இடம். இடது உள்ளங்கையைச் சக்கரத்தின் மேல்கூட்டில் பதித்து, காதைப் பின்சீட்டின் முதுகுப் பலகையில் ஒட்டி வைத்தான். அந்தப் பலகைக்கும் நாலு விரற்கடை பஞ்சுக்கும் அந்தப் பக்கம் ஜெயராணியின் முதுகு இருந்தது. அதை நினைத்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. சீச்சீ, வேலையைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் அகலப் பாதை வேலை நடந்ததால் ரயில் இல்லை. மேட்டில் ஏறி இறங்கும்போது இடது கையில் தெளிவாக வந்தது. டொக். ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பர் புஷ் தேய்ந்து, பாரத்தில் இரும்போடு இரும்பு அடிக்கிறது. கண்டுபிடித்தாகிவிட்டது. அங்கேயே மூன்று தட்டு தட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்க்கிற புத்தி அவனுக்கு. நியூட்ரல் ஓட்டத்தையும் பார்த்துவிட்டுத் தட்டுவோம் என்று படுத்திருந்தான்.

கேட் தாண்டியதிலிருந்தே பின்சீட்டில் முணுமுணுப்பு இருந்தது. இரும்புச் சத்தத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாத காது, அதை ஒதுக்கிவிட்டது. டீசல் இன்ஜின் போடுகிற இரைச்சலில் முன்சீட்டுக்காரனுக்கே பின்சீட்டில் பேசுவது கேட்காது. டிக்கியில் இருக்கிறவனுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று அவர்கள் நினைத்ததிலும் தப்பில்லை. பலகையில் ஒட்டியிருக்கும் காதைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

செம்பியன் அறுபதில் நியூட்ரலுக்குத் தள்ளினான். இன்ஜின் அடங்கியது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"எனக்கு வேணாம்மா."

காதுக்குள் சொன்னது போல இருந்தது.

"ஏன்டி இப்புடி வதைக்கிற?" சவரியம்மாளின் குரல் கிசுகிசுத்தது. "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இப்போ வேணாம்னா ஊரு என்னா பேசும்? அந்தத் தம்பிக்கு என்னாடி கொற? குடியா, கூத்தியாளா?"

"ஒரு கொறையும் இல்லம்மா. கெட்டவரா இருந்தா அண்ணங்கிட்ட எப்பயோ சொல்லியிருப்பேன். நல்ல மனுசன வேணாம்னு என்னான்னு சொல்லி வேணாங்கிறது? அவரு பக்கத்துல வந்து நின்னாலே எனக்கு உள்ளுக்குள்ள ஒடுங்கிப்போவுது. எனக்கே புரியல."

"பழகிக்கும்."

"எத்தினி வருசத்துக்கு?"

சவரியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். ஜெயராணி அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அழுவாதம்மா. கட்டிக்கிறேன். செத்துட மாட்டேன். சந்தோசமா இருன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."

செம்பியன் மறுபடி கியரில் போட்டான். இரைச்சல் எழுந்தது. பேச்சும் நின்றுவிட்டது.

ஆரோக்கியராஜ் தட்டவில்லை. இப்போது தட்டினால் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் தட்டினான் என்று தெரிந்துபோகும். வாயில் முன்கையை வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தான். புதுச்சத்திரம் போனது, பி.முட்லூர் போனது. டொக் டொக் என்று அந்தப் புஷ் அடித்துக்கொண்டேயிருந்தது. கடைசியில் செம்பியனே வண்டியை ஓரங்கட்டி வந்து பின்கதவைத் தூக்கினான்.

"என்னா மாப்ள, உயிரோட இருக்கீங்களா? தட்டவே இல்லியே!"

"கண்ணு அசந்துட்டேன் மச்சான்."

செம்பியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சத்தம் கேக்கப் படுத்தவரு தூங்கிட்டாரும்மா!" சவரியம்மாள் சிரிக்க முயன்றாள். ஜெயராணி மட்டும் இறங்கி நின்று அவன் கண்களைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஆலப்பாக்கம் கேட்டுலயே தெரிஞ்சுபோச்சு. இடது பக்கம் புஷ்ஷு. சிதம்பரத்துல வாங்கி மாட்டிடுறேன்," என்று அவன் வேறெங்கோ பார்த்துச் சொன்னான். சிதம்பரத்தில் அவர்கள் பத்திரிகை வைத்துவிட்டு வருவதற்குள் புஷ்ஷை மாட்டி முடித்தான். மாட்டியதும் மறுபடி பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் அவன் விட்டதில்லை. அன்றைக்கு விட்டான். வேறு ஒரு சாமான் தேட வேண்டும், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தான்.

பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வண்டியில் உட்கார்ந்து அதன் சத்தம் ஒன்றையும் கேட்காமல் வந்தான்.

அவனை மகானாக்கிவிட வேண்டாம். பாதி வழிவரைக்கும் அவன் நினைத்தது வேறு. வாயை மூடிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தால் போதும், மூன்றாவது ஓலை வாசித்துவிடுவார்கள், பிறகு அவள் என் பெண்டாட்டி. அவளே கட்டிக்கிறேன் என்றுதானே சொன்னாள்? நானும் மனுஷன்தானே, முப்பத்தொன்பது வருஷம் தனியாகக் கிடந்தவன்தானே? நல்லபடியாக வைத்துக்கொண்டால் மனசு மாறாதா? இப்படித் தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தான். ஆனால் 'செத்துட மாட்டேன்' என்ற சொல்லை என்ன செய்தும் தாண்ட முடியவில்லை. தினமும் தன் பக்கத்தில் ஒருத்தி சாகாமல் மட்டும் இருந்துகொண்டிருப்பாள்.

சரி, விட்டுவிடலாம். எப்படி விடுவது? பெண் வேண்டாமென்றால், இரண்டு ஓலை வாசித்தபிறகு இவளுக்கு என்ன வந்தது, எவனாவது இருக்கிறானா என்பார்கள். மாப்பிள்ளை வேண்டாமென்றால், அவளிடம் என்னத்தைக் கண்டானோ என்பார்கள். இரண்டிலும் அடி அவளுக்குத்தான். அப்படியானால் பழுது இவன் பக்கம் இருக்க வேண்டும், அதுவும் யாரும் மறுபேச்சுப் பேச முடியாத பழுதாக இருக்க வேண்டும். குடி என்றால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இன்னொரு பெண்ணோடு தொடுப்பு என்றால் ஊரே சிரிக்கும். முதுநகர் வருவதற்குள் அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தான்.

"சாமி, மூணாவது ஓல வாசிக்காதீங்க. எனக்கு வலிப்பு இருக்குது. சின்ன வயசுலேர்ந்து. மறைச்சிட்டேன்."

சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "இத்தன நாளா நான் கேள்விப்பட்டதே இல்லியேப்பா."

"யாருக்கும் தெரியாது சாமி. பொண்ணு வீட்டுல நீங்களே சொல்லிடுங்க. அவுங்க வேணாம்னு சொன்னதா இருக்கட்டும்."

"உண்மையத்தான் சொல்றியா?"

"இப்புடி ஒண்ண யாராச்சும் பொய் சொல்லுவாங்களா சாமி?"

அன்று சாயங்காலமே செம்பியன் வந்தான். பட்டறையில் வண்டி விட்டவர்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வந்த வேகத்தில் ஆரோக்கியராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"வலிப்ப வச்சிக்கினு என் தங்கச்சிய பொண்ணு கேட்டு வந்தியா? எவ்ளோ நெஞ்சழுத்தம் இருந்தா டிக்கியில வேற ஏறிப் படுப்ப? நாளைக்கு ஊரான் வண்டிய ஓட்டிக்கினு போறப்ப வந்துச்சின்னா? எவனயாச்சும் ஏத்திக் கொன்னுட்டா யாருய்யா பதில் சொல்றது?"

ஆரோக்கியராஜ் அவன் கையைத் தட்டிவிடவில்லை. நேற்று வரைக்கும் மாப்ள மாப்ள என்று கூப்பிட்ட வாய் அது. தங்கைமேல் உயிரை வைத்திருக்கிறவன் இப்படித்தான் கத்துவான், கத்தாவிட்டால்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டான். அவள் பேர் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் இந்தச் சண்டை நாலு பேருக்குத் தெரிய நடக்க வேண்டும். நடந்தது. நடக்க வேண்டியதற்கு மேலேயே நடந்துவிட்டது, ஏனென்றால் நின்றிருந்த நாலு பேரும் செம்பியனின் கடைசிக் கேள்வியைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை. உலகத்து வண்டிக்கெல்லாம் எங்கே பழுது என்று தொட்டுக் காட்டுகிறவன், வலிப்புக்காரன் கையில் எவன் சாவி கொடுப்பான் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து சாவி வரவில்லை. நல்ல மனசுக்காரர்கள் சிலர் வந்து, "நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காந்து பாருப்பா" என்றார்கள். உட்கார்ந்து பார்த்தான். நடுக்கம் உள்ளங்கையில் வர வேண்டும், பெடலில் வைத்த பாதத்தில் வர வேண்டும். பக்கத்து சீட்டுக்காரனுக்கு அதில் பாதிதான் வரும். இரண்டு தடவை தப்பான இடத்தைத் தொட்டுக் காட்டினான். பிறகு அவர்களும் வரவில்லை. சைலன்சருக்குப் பற்றவைப்பது, பஞ்சர் ஒட்டுவது என்று நாள் ஓடியது. 'சத்தம் ஆரோக்கியராஜ்' என்ற பெயர் போய் 'வலிப்பு ஆரோக்கியராஜ்' என்று ஆனது. ஊருக்கு ஒரு பெயரை வைக்க இருபது வருஷம் ஆகிறது, மாற்ற இருபது நாள் போதும். வாயில் புற்று வைக்க.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், ஜெயராணி பட்டறை வாசலில் வந்து நின்றாள். பஸ்ஸில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். ஆரோக்கியராஜ் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அண்ணன் உங்கள ரொம்பப் பேசிட்டாருன்னு கேள்விப்பட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

"அதெல்லாம் இல்லீங்க டீச்சர். அவரு பேசுனது நாயம்தான்."

"எனக்கு மாயவரத்துலேர்ந்து ஒரு வரன் வந்திருக்குது," என்றாள். "போன வாரம் வந்து பாத்துட்டுப் போனாங்க. எனக்கு..." தயங்கினாள். "எனக்கும் புடிச்சிருக்குது. ஆனா இன்னும் பதில் சொல்லல. உங்ககிட்ட ஒண்ணு கேக்காம என்னால சொல்ல முடியல."

"கேளுங்க டீச்சர்."

"அன்னிக்கு டிக்கியில... நானும் அம்மாவும் பேசிக்கினு வந்தோம். உங்க காதுக்கு எதுவும் தப்பாதுன்னு ஊரே சொல்லும். தூங்கிட்டேன்னு சொன்னீங்க. ஆனா கண்ணு தூங்கி எழுந்த கண்ணு மாதிரி இல்ல. அடுத்த நாளே போயி சாமிகிட்ட சொல்லியிருக்கீங்க. நாலு மாசமா எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. நீங்க கேட்டுட்டீங்களா? கேட்டதாலதான் வலிப்புன்னு..." புடவை முந்தியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இதைத்தான் அவன் நாலு மாதமாகக் காத்திருந்தானோ என்னவோ. யாராவது ஒருத்தருக்காவது தெரிய வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? அதுவும் அவளுக்கே தெரிந்தால்? ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவள் அழுவாள், அவன் நல்லவன் என்று சாகிற வரைக்கும் நினைத்திருப்பாள். அந்த மாயவரத்துப் பையனை வேண்டாம் என்றும் சொல்லிவிடுவாள், ஏனென்றால் அவள் மனசு அப்படி. பாவம் பார்த்து இவனையே கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாலும் சொல்வாள். மறுபடியும் சாகாமல் இருப்பாள்.

அவன் சிரித்தான். நல்லவேளையாகச் சிரிப்பு வந்தது.

"நீங்க கெட்டிக்காரர், கண்டுபுடிச்சிட்டீங்க. நான் அன்னிக்குத் தூங்கல டீச்சர்."

அவள் முகம் வெளுத்தது.

"டிக்கியில எனக்கு வலிப்பு வந்துடுச்சு. ஆலப்பாக்கம் கேட்டு தாண்டுனது வரைக்கும்தான் நெனவு இருக்குது. அப்புறம் மச்சான் கதவத் தொறந்தப்பதான் முழிச்சேன். நடுவுல இடியே விழுந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. வலிப்பு வந்தா கண்ணு அப்புடித்தான் செவந்துபோவும். உங்க அம்மா பக்கத்துல இருக்கும்போதே வந்துடுச்சே, நாளைக்குக் கல்யாணத்து அன்னிக்குக் கோயில்ல வந்தா என்னா ஆவுறதுன்னு பயந்துட்டேன். அதான் அடுத்த நாளே சாமிகிட்ட ஓடுனேன்."

"நெசமாவா?"

"ஏன், நீங்க என்னா பேசுனீங்க? என்னைப் பத்தியா?"

"இல்ல, இல்ல," என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "சும்மா வீட்டு விசயம்." பிறகு குழந்தை போலக் கேட்டாள்: "மாதா மேல சத்தியமா சொல்லுங்க."

"மாதா மேல சத்தியமா ஒண்ணும் கேக்கல."

அவளிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. சுற்றியிருந்த முந்தியை விரலிலிருந்து விடுவித்தாள். விரல் வெளுத்துத் தடம் விழுந்திருந்தது. பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள். நிச்சயதார்த்தத்தன்றுகூட அவள் அவனைப் பார்த்துச் சிரித்ததில்லை. முதல் சிரிப்பு அதுதான், வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள்ளப் போகிற நிம்மதியில் வந்த சிரிப்பு.

"மாத்திரைய விடாம சாப்புடுங்க. சிதம்பரத்துல நல்ல டாக்டர் இருக்காராம், விசாரிச்சு சொல்றேன்."

"சரிங்க டீச்சர்."

"நீங்க நல்லா இருக்கணும்."

"இருப்பேன். போயிட்டு வாங்க."

அவள் தெரு முனை திரும்பும் வரைக்கும் சிரித்த முகத்தோடே நின்றான். உள்ளே போய், வெல்டிங் பற்றவைக்கும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அழுதான். யாராவது வந்துவிட்டால் தெரியக் கூடாதல்லவா?

மறுநாள் ஞாயிறு பூசை. சாமியார் கையால் வாங்குகிற நன்மை அப்பத்தை வெறும் வயிற்றோடுதான் வாங்க வேண்டும். அந்த நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். பெண்கள் வரிசையில் ஜெயராணி போனாள். முகம் தெளிந்திருந்தது. ஆரோக்கியராஜ் எழவில்லை. மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்தவன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது. சங்கீர்த்தனத்துக்குப் போனால் செய்த பாவத்துக்கு மனம் வருந்த வேண்டும். வருந்தவில்லை என்றால் மன்னிப்பு இல்லை. அவன் ராத்திரி முழுக்கத் தன்னைக் குடைந்து பார்த்துவிட்டான். எல்லாவற்றுக்கும் வருத்தம் இருந்தது. அந்தப் பொய்க்கு மட்டும் வரவில்லை. எத்தனை வருஷம் ஆனாலும் வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் இருந்த தையற்கடை சாமிக்கண்ணு முழங்கையால் இடித்தான். "என்னா மச்சான், நன்மை வாங்க வரல?"

"டீ குடிச்சிட்டு வந்துட்டேன்டா, நீ போ," என்றான் ஆரோக்கியராஜ்.